வண்டி வராத கரை: பூதலூரில் சைக்கிளுக்காகப் போடாத ஒரு சைக்கிள் பாதை!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஈசிஆர் பக்கம் கிளம்புகிறவர்களிடம் ஒரு கேள்வி. மூணு மணி நேரம் ஓட்டுறீங்க. அதில், பின்னாடி வர்ற லாரியைப் பற்றிக் கவலையே இல்லாமல் ஓட்டினது எத்தனை நிமிஷம்?

வெளிநாட்டு சைக்கிள் டூரிங் வீடியோக்களில் மலைச்சரிவு, பழைய கோட்டை, கார் நுழையவே முடியாத பாதை எல்லாம் ஒரே ஃபிரேமில் வரும். அந்த மாதிரி நம்ம ஊரில் எதுவும் இருக்கா என்று தேடினால் ஊட்டி, கொல்லிமலை என்றுதான் பதில் கிடைக்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கு, சரி. ஒவ்வொரு வளைவிலும் எதிரே பஸ்ஸும் இருக்கு. வண்டி இல்லாத பாதைதான் முக்கியம் என்றால் மலையை மறந்துவிட்டு டெல்டாவுக்கு இறங்க வேண்டும். குறிப்பாக, தஞ்சாவூர் மாவட்டம் பூதலூருக்கு.

அது என்ன பாதை?

பூதலூரை ஒட்டிப் போகிற கல்லணைக் கால்வாயின் கரைதான் அந்தப் பாதை. ஊரில் கால்வாய் என்று கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்கள். 'புது ஆறு' என்றால்தான் சட்டென்று கை காட்டுவார்கள். புதுசு என்றாலும் அதற்கு வயசு 90-ஐத் தாண்டிவிட்டது. 1934-ல் முடிந்த மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டியது. பக்கத்தில் ஓடும் வெண்ணாறும் காவிரியும் எந்தக் காலத்திலிருந்து ஓடுகின்றன என்று பார்த்தால், இது இன்னும் 'புது' ஆறுதான்.

கல்லணையில் காவிரித் தண்ணீர் நான்காகப் பிரிகிறது: கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய். முதல் மூன்றும் பள்ளத்தைத் தேடி ஓடும் ஆறுகள். நான்காவது அப்படி இல்லை. காவிரித் தண்ணீர் அதுவரை ஏறாத மேட்டு நிலங்களான ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். பம்பு கிடையாது, தானாகப் பாயணும். அதற்கு ஒரே வழி, கிளம்பும்போது இருக்கிற உயரத்தை முடிந்தவரை விட்டுவிடாமல், நிலத்தின் மேட்டு விளிம்பைப் பிடித்தபடியே போவது. அப்படியே 148 கிலோமீட்டர் போய், புதுக்கோட்டை மாவட்டம் மும்பாலை ஏரியில் முடிகிறது. பாசனம் சுமார் 2.27 லட்சம் ஏக்கர்.

சைக்கிளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

உயரத்தை விடாமல் போகிற தண்ணீருக்குப் பக்கத்தில் போகும் கரையும் கிட்டத்தட்ட சமமாகத்தான் இருக்கும். பூதலூரிலிருந்து கல்லணை வரை நீங்கள் ஏறுவது தண்ணீரின் சரிவுக்கு எதிராகத்தான், ஆனால் முழங்காலுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டாவது, இந்தக் கரை எந்த ஊருக்கும் போவதற்காகப் போட்டது இல்லை. இன்ஜினீயர் ஜீப்பில் வந்து மதகைப் பார்க்க, லஸ்கர் நடந்தோ சைக்கிளிலோ வந்து ஷட்டரைத் திருக, உடைப்பு ஏற்பட்டால் மணல் மூட்டை கொண்டுவரப் போட்ட வழி. பஸ்ஸுக்கு இங்கே வேலையில்லை. திருச்சி - தஞ்சாவூர் போகிற அத்தனை வேகமும் தெற்கே செங்கிப்பட்டி, வல்லம் வழியாகப் போகும் நான்குவழிச் சாலைக்குப் போய்விட்டது.

ஒரு முனையில் கரிகாலன், மறு முனையில் ராஜராஜன்

பூதலூர், திருச்சி - தஞ்சாவூர் ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். இறங்கி திருக்காட்டுப்பள்ளி சாலையைப் பிடித்தால் புது ஆறு வந்துவிடும். அங்கே நின்று யோசித்தால் ஒரு விஷயம் புரியும். கரையோடு மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போனால் கல்லணை. கிழக்கேயும் ஏறக்குறைய அதே தூரம் போனால், கரை உங்களைக் கொண்டுபோய் விடுவது தஞ்சைப் பெரிய கோயிலின் மதில் பக்கம். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அணை ஒரு முனையில், 1010-ல் ராஜராஜன் முடித்த கோயில் மறு முனையில். நடுவில் ஒரு டீக்கடையில் நீங்கள்.

நான் போனது பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம் (தண்ணீர் இருப்பைப் பொறுத்து தேதி மாறும்). அதனால் ஆற்றில் அங்கங்கே குட்டைதான் கிடந்தது. ஆனால் வயல் காலியாக இல்லை. சம்பா அறுவடை நேரம். பெல்ட் மெஷின் ஓடும் சத்தம், வைக்கோல் தூசி, அறுத்த தாளில் இரை தேடும் கொக்குக் கூட்டம். குனிந்து ஓட்டிக்கொண்டே ஒரு ஷட்டர் அருகே நின்றேன். அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர், "ஏன் தம்பி, ரோடுதான் அங்க நல்லா கெடக்கே, இங்க ஏன் வந்து குலுங்குற?" என்றார். நியாயமான கேள்விதான்.

குலுங்கல் உண்மை. கரை ஒரே மாதிரி இல்லை. கொஞ்ச தூரம் தார், அப்புறம் கப்பி, அப்புறம் வெறும் மண், நடுவில் மாட்டு வண்டித் தடம். மெல்லிய டயர் ரோடு பைக்கை எடுத்துட்டுப் போகாதீங்க. ஹைபிரிட் ஓகே, கியரே இல்லாத சாதா சைக்கிள் இன்னும் ஓகே. பஞ்சர் கிட், இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி கட்டாயம். கருவேல முள்ளுக்கு பிராண்ட் வித்தியாசம் தெரியாது. கரையை விட்டு கிராமத்துத் தார் ரோட்டில் இறங்கினால் பாதி ரோட்டில் நெல் காயும். அதன் மேல் ஓட்டாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பார்கள், அவர்களுக்கு ஒவ்வொரு மணியும் கணக்கு. அப்புறம், வைக்கோல் செயினுக்குள் சிக்கினால் எடுக்க அரை மணி நேரம் ஆகும். அனுபவம்.

வரலாறு வேண்டுமென்றால் கரையிலிருந்து கொஞ்சம் விலகணும். பலரும் கல்லணையில் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் சொல்வது செந்தலை. சோழர்கள் தஞ்சாவூரைப் பிடிப்பதற்கு முன்னால் இந்தப் பகுதியை வைத்திருந்தவர்கள் முத்தரையர்கள். அவர்களின் நியமம் என்ற ஊர்தான் இன்று திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் நேமம். அங்கே இருந்த பிடாரி கோயிலின் தூண்கள் பிற்காலத்தில் செந்தலை சிவன் கோயிலுக்கு வந்து சேர்ந்தன. பெரும்பிடுகு முத்தரையரைப் புகழ்ந்து புலவர்கள் பாடிய தமிழ்ப் பாடல்கள் அந்தத் தூண்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. எல்லாருக்கும் சோழர் தெரியும். அவர்களுக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்பது, பூதலூரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் கல்லில் எழுதியிருக்கு.

அமெரிக்காவில் ஒரு நீதிபதி நடந்தார்

கால்வாய்க் கரை சைக்கிள் பாதையாவது உலகத்துக்குப் புதுசு இல்லை. பிரான்ஸில் 17-ம் நூற்றாண்டில் வெட்டிய கனால் டு மிடி கரையில் இன்று ஊர் ஊராக சைக்கிள் போகிறது. நமக்கு நெருக்கமான கதை அமெரிக்காவில் இருக்கு. வாஷிங்டனிலிருந்து அப்பலாச்சியன் மலைப் பகுதியில் உள்ள கம்பர்லேண்ட் வரை ஒரு படகுக் கால்வாய், சுமார் 297 கிலோமீட்டர். 1924-ல் படகுப் போக்குவரத்து நின்றது. கரை சும்மா கிடக்கிறதே, கார் சாலையாக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது.

உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், அந்தத் தலையங்கம் எழுதியவர்களை 'என்னோடு முழுக் கரையையும் நடந்து பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்' என்று கூப்பிட்டார். மார்ச் மாதம் 58 பேர் கிளம்பினார்கள், 9 பேர்தான் முழுசாக முடித்தார்கள். பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1971-ல் அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. பிட்ஸ்பர்க்கிலிருந்து வரும் பழைய ரயில் தடப் பாதையும் சேர்ந்து, இன்று 500 கிலோமீட்டருக்கு மேல் கார் தொந்தரவு இல்லாமல் மலையும் பழைய ஊர்களுமாக ஓட்டலாம்.

இங்கே என்ன நடக்கிறது?

அந்தக் கால்வாய் செத்த கால்வாய். நம்முடையது உயிரோடு இருக்கு. அதுதான் பெரிய வித்தியாசம். 2.27 லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் போகிற கரையை சைக்கிள்காரர்களுக்கு எழுதிக் கொடுக்க முடியாது, கேட்கவும் கூடாது. கரை நீர்வளத் துறையுடையது. நாம் ஓட்டுவது உரிமையால் இல்லை, யாரும் தடுக்காததால்.

2021 பிப்ரவரியில், கல்லணைக் கால்வாயைச் சீரமைத்து நவீனப்படுத்தும் ரூ.2,640 கோடி திட்டத்துக்கு பிரதமர் அடிக்கல் நாட்டினார். கான்கிரீட் போட்டால் கசிவு குறையும், கடைமடைக்குத் தண்ணீர் சீக்கிரம் போகும் என்பது திட்டத்தின் வாதம். தரைத்தளத்திலும் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் ஊறாது என்று விவசாயிகள் போராடினார்கள். இரண்டு பக்கமும் பேசாத ஒரு விஷயம் கரைக்கு என்ன ஆகும் என்பது.

நல்ல கரை என்றால் நல்ல தார். நல்ல தார் என்றால் குறுக்கு வழி. குறுக்கு வழி என்றால் முதலில் பைக், அப்புறம் வேன், அப்புறம் டிப்பர். தடுப்பும் கிடையாது. பழைய மண் சரிவில் தவறி விழுந்தால் செடியைப் பிடித்தாவது ஏறலாம். வழுவழு கான்கிரீட் சரிவில் தண்ணீர் வேகமாகவும் ஓடும், பிடிக்கவும் எதுவும் இருக்காது. அங்கே டிப்பருக்கு ஒதுங்குகிற சைக்கிள் எங்கே ஒதுங்கும்?

இதைச் சரிசெய்யப் பெரிய பட்ஜெட் வேண்டாம். ஒவ்வொரு பாலத்திலும் கரை தொடங்கும் இடத்தில் இரண்டு இரும்புத் தூண் நட்டாலே போதும். உடைப்பு அடைக்கவும் தூர்வாரவும் மெஷின் உள்ளே வர வேண்டும் என்பதால் அவை பூட்டுப் போட்ட, கழற்றக்கூடிய தூண்களாக இருக்கணும். சாவி லஸ்கரிடம். வளைவுகளிலும் டிராப் பக்கத்திலும் தடுப்புக் கம்பி. இதை இப்போதே டிசைனில் சேர்ப்பது சுலபம். கான்கிரீட் காய்ந்து, டிப்பர்கள் பழகின பிறகு கேட்டால் அது 'ரோட்டை மறிக்கிற' கோரிக்கை ஆகிவிடும்.

டூரிங் ஆசையில் வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிற நமக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தக் கால்வாய் போய் முடிகிற புதுக்கோட்டை மாவட்டத்தில்தான், 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். இன்று அரசுப் பள்ளியில் பிளஸ் 1 சேர்ந்தால் சைக்கிள் கிடைக்கிறது. சைக்கிள் கொடுத்தாச்சு. அதைப் பயமில்லாமல் ஓட்ட ரோடு?

கிளம்ப நினைப்பவர்களுக்கு: அறுவடைக் காலம் பார்க்க ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. தண்ணீர் ஓடும்போது பார்க்கணும் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் மண் கரை சேறாகிவிடும், வேண்டாம். ரயிலில் சைக்கிள் கொண்டுவர பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பூதலூரில் ரயில் நிற்கிற கொஞ்ச நேரத்தில் அதை இறக்குவது கஷ்டம். திருச்சியிலோ தஞ்சாவூரிலோ இறக்கிக்கொள்வது உத்தமம். இருட்டிய பிறகு கரையில் இருக்காதீர்கள், விளக்கு கிடையாது.

சாயங்காலம் கல்லணையிலிருந்து பூதலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து மூணு பொண்ணுங்க, மூணும் அரசு கொடுத்த சைக்கிள். ஒருவர் பின்னால் ஒருவராக இல்லை, கரை முழுக்க அடைத்து ஒரே வரிசையில், பேசிக்கொண்டே வந்தார்கள். ஒதுங்கவே இல்லை. மணி அடித்து என்னைத்தான் ஓரமாகப் போகச் சொன்னார்கள்.