இரண்டு கோட்டுக்கு நடுவே

ஊஞ்சல் பலகைக்கு முதல் கோட் வார்னிஷ் அடித்து, காய்ந்தபின் தடவிப் பாருங்கள். பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும். கைக்கோ சொரசொரவென்று நெருடும். ஆசாரியைக் குறை சொல்ல வேண்டாம். ஈரமாக இருந்தபோது விழுந்த தூசியும், பிரஷ் கிளப்பிய குமிழிகளும், வார்னிஷ் பட்டதும் எழுந்து நின்ற மர இழைகளும் அப்படியே இறுகிப்போயிருக்கின்றன. தண்ணீர் கலந்த வார்னிஷ் என்றால் இழைகள் இன்னும் கூடுதலாக எழும்.

இவற்றைச் சீவிவிடத்தான் கோட்டுக்குக் கோட் உப்புத்தாள் போடுகிறோம். இன்னொரு காரணமும் உண்டு. அவலரக்கு பாலிஷில், புதுக் கோட்டில் உள்ள ஸ்பிரிட் பழைய கோட்டைச் சற்றே கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். எண்ணெய் வார்னிஷும் பாலியூரித்தேனும் நன்றாகக் காய்ந்துவிட்டால் அப்படிக் கரையாது. அடுத்த கோட்டுக்குப் பிடிமானம் வேண்டுமென்றால் மெல்லிய கீறல்கள் தேவை.

எண் 320 தாள் பெரும்பாலும் போதும். எண் ஏற ஏறத் தாள் நைஸாகும். 180-ஐ எடுத்தால் கீறல் அடுத்த கோட்டையும் மீறித் தெரியும். இழை ஓடும் திசையிலேயே, கையின் எடை மட்டும் விழும்படி தேயுங்கள். பளபளப்பு மங்கினால் வேலை முடிந்தது. ஆங்காங்கே பள்ளங்களில் பளபளப்பு மிச்சமிருந்தால் முதல் கோட்டில் விட்டுவிடுவதே நல்லது. அதைத் துரத்திப் போனால் மேடுகளில் வெறும் மரம் வந்துவிடும். பலகையின் விளிம்புகளில் வார்னிஷ் எப்போதும் மெலிதாகத்தான் நிற்கும். அங்கே ஓரிரு இழுப்புக்கு மேல் கூடாது. மரத்துக்குச் சாயம் ஏற்றியிருந்தால் விளிம்பில் நிறமே போய்விடும், ஒட்டுப்போட்டாலும் தெரியும்.

எப்போது தேய்ப்பது என்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். டப்பாவில் போட்டிருக்கும் மணிக்கணக்கு ஐப்பசி மழைக்குப் பொருந்தாது. கண்ணில் படாத மூலையில் தேய்த்துப் பாருங்கள். கோலமாவு போல உலர்ந்த தூள் உதிர்ந்தால் தயார். தாளில் உருண்டை உருண்டையாக ஒட்டினால் இன்னொரு நாள் விடுங்கள்.

வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது, தாளும் அடைபடாது. ஆனால் முதல் கோட்டில் வேண்டாம். மெல்லிய படலத்தைத் தாண்டித் தண்ணீர் மரத்துக்குள் இறங்கிவிடும். ஸ்டீல் உல்லையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். உடைந்த இரும்பு இழைகள் துவாரங்களில் தங்கி, மேலே தண்ணீர் வார்னிஷ் பட்டதும் துருப்பிடிக்கும். டானின் உள்ள மரமானால் கறுப்புப் புள்ளிகள் விழும். தேய்த்து முடித்ததும் தூளை முழுக்க எடுங்கள்: முதலில் உலர்ந்த பிரஷ், பிறகு (எண்ணெய் வார்னிஷ் என்றால்) டர்பென்டைனில் லேசாக நனைத்த துணி. இதில் சோம்பல்பட்டால் தேய்த்த தூளே அடுத்த கோட்டின் சொரசொரப்பாகும்.

ஆளிவிதை எண்ணெய் பூசுவது வேறு கணக்கு. எண்ணெய் மரத்துக்குள் இறங்குவது, மேலே கனமான படலம் கட்டுவதில்லை. அதனால் பிடிமானக் கவலை கிடையாது. மர இழை எழுந்திருந்தால், அடுத்த கோட் எண்ணெய் ஈரமாக இருக்கும்போதே எண் 400 வாட்டர் பேப்பரால் தேய்க்கலாம். அப்போது உண்டாகும் குழம்பு மரத்தின் துவாரங்களை ஓரளவு அடைக்கும். பிசுபிசுப்பதற்குள் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும்.

துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு கிளப்பும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகத் தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்ததற்கு, 22-வது மாடியில் மரவேலைக்குப் பயன்படுத்திய இத்தகைய துணிகளே காரணம். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக விரித்து வெளியே கொடியில் போடுங்கள். விறைத்துக் காய்ந்தபின் குப்பைக்கு அனுப்பலாம்.