கடலில் இரண்டு இரவுகள்

தாம்பரம் புகைவண்டி நிலையத்திலிருந்து மின்தொடர் வண்டிகள் சென்னைக் கடற்கரை நிலையம் நோக்கி நாள்தோறும் ஓடுகின்றன. 1931ஆம் ஆண்டு முதல் இவ்வழியில் மின்வண்டி ஓடுகிறது. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ஏறுவோர் ‘கடற்கரை வண்டி’ என்றே அதனைச் சொல்வர். ஆயினும், அவருள் மிகப் பலர் கிண்டியிலும் மாம்பலத்திலும் எழும்பூரிலும் இறங்கிவிடுவர். கடைசி நிலையம் வரை செல்வோருக்கும் கடல் புலப்படுவதில்லை. நிலையத்தின் எதிரே அகன்ற சாலையும், அதற்கப்பால் துறைமுகத்தின் மதிலுமே தெரியும். மதிலுக்கு உட்புறம் வந்துபோகும் கப்பல்கள், இரும்பும் நிலக்கரியும் ஊர்திகளும் ஏற்றி இறக்கும் வணிகர்க்குரியவை என்றே நெடுநாள் கருதப்பட்டன.

2022ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் அத்துறைமுகத்திலிருந்து வேறு வகைக் கப்பல் ஒன்று புறப்பட்டது. ‘எம்பிரஸ்’ என்னும் அவ்வுல்லாசக் கப்பலைத் தமிழ்நாட்டு முதலமைச்சர் கொடியசைத்து வழியனுப்பினார். அது இரண்டு இரவுகள் வங்கக் கடலில் உலாவி, புறப்பட்ட துறைக்கே மீண்டது. எவ்வூருக்கும் போய்ச் சேராத பயணம் அது! மும்பையை நிலைக்களமாகக் கொண்டு 2021ஆம் ஆண்டு முதல் ஓடிய கப்பல் சென்னைக்கு வந்ததற்குக் காற்றே காரணம் எனலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் அரபிக் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் கிழக்குக் கடல் ஒப்புநோக்க அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையிலோ நிலைமை மாறிவிடும். அப்போது வங்கக் கடலில் எழும் புயல்களைச் சென்னை மக்கள் நன்கறிவர்.

புறநகர்க் குடும்பம் ஒன்று அத்தகைய கப்பலில் செல்ல எண்ணுகிறது என்று கொள்வோம். சிறுவர்கள் மகிழ்வர். ஆனால் அவ்வீட்டுப் பாட்டி அஞ்சினால் அதில் வியப்பில்லை. அவர் காலத்தில் கப்பல் என்ற சொல்லுக்குப் பிரிவு என்பதே பொருள். 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல், 1973 வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வந்தது. அதில் ஏறியவர் பெரும்பாலும் தோட்டத்து வேலைக்கும் கடைத்தெருப் பணிக்கும் சென்றவர்களே. தகரப்பெட்டியும் பாயும் தலையணையுமாகத் திறந்த தளத்தில் இடம் பிடித்து, ஒரு வாரம் அலைகளோடு போராடி அக்கரை சேர்வர். சென்றவர் மீளப் பல ஆண்டுகள் ஆகும். மீளாதவரும் உண்டு. அத்துறைமுகத்தில் அழுதுகொண்டு நின்ற குடும்பத்தில் பிறந்த ஒருவர், பொழுதுபோக்குக்காகக் கப்பலேறுவதை எளிதில் ஒப்புக்கொள்வாரா?

இரு கப்பல்களையும் ஒப்பிட்டு நோக்கினால் காலத்தின் மாறுதல் விளங்கும். கப்பலின் பருமனைக் குறிக்கும் ‘மொத்த டன்’ என்பது எடையன்று. கப்பலின் உட்புறக் கொள்ளளவினின்றும் கணக்கிடப்படும் அளவாகும். ரஜூலாவின் அளவு ஏறத்தாழ 8,500. எம்பிரஸ் கப்பலின் அளவோ 48,500க்கு மேல். முன்னதினும் ஐந்து மடங்குக்கு மேற்பட்டது. ஆனால், ரஜூலா தொடக்கத்தில் ஐயாயிரம் பேர் வரை ஏற்றிச்சென்றது. எம்பிரஸில் இடம்பெறும் பயணியர் இரண்டாயிரவர் அளவினரே. முன்னதில் மனிதர் நெருங்கிப் படுத்த இடத்தில், பின்னதில் நீச்சற் குளமும் நாடக அரங்கும் உணவுக் கூடங்களும் அமைந்துள்ளன. 1990ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் கட்டப்பட்ட இக்கப்பலின் நீளம் சுமார் 210 மீட்டர். இதனைப் பெரிதென்று வியப்போர், 2024இல் அமெரிக்காவின் மயாமித் துறையிலிருந்து புறப்பட்ட ‘ஐகான் ஆப் தி சீஸ்’ என்னும் கப்பலின் அளவு 2,48,000க்கு மேல் என்பதையும் அறிதல் வேண்டும்.

பயணச்சீட்டும் அடையாளச் சான்றும் காட்டி, பெட்டிகளைச் சோதனைக்கு விட்டு உள்ளே சென்றவர்களுக்கு முதலிற் கிடைப்பது விருந்தன்று, ஒத்திகை. ஏழு முறை குறுகலாகவும் ஒருமுறை நெடிதாகவும் சங்கொலி எழும். அவ்வொலி கேட்டால் இன்ன இடத்தில் கூடவேண்டும், உயிர்காப்புச் சட்டையை இவ்வாறு அணியவேண்டும் என்று மாலுமிகள் கற்பிப்பர். களிப்புடன் வந்தவர்களுக்கு இது வீண் தொல்லையாகத் தோன்றலாம். ஆனால், இச்சிறு சடங்குக்குப் பின்னே பல உயிர்கள் மறைந்த கதை உண்டு. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது, அதில் இருந்தோர் ஏறத்தாழ 2,200 பேர். உயிர்காப்புப் படகுகளில் இடமிருந்ததோ 1,178 பேருக்கு மட்டுமே. அதன்பின் உலக நாடுகள் கூடிக் கடற்பயணப் பாதுகாப்புக்கு விதிகள் வகுத்தன. படகுகள் பெருகின. எனினும் நூறாண்டு கழித்து, 2012ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் இரவு, இத்தாலியக் கரையருகே ‘கோஸ்டா கன்கார்டியா’ என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டனர். அன்று மாலையில் ஏறிய பல நூற்றுவருக்கு ஒத்திகை நடைபெறவே இல்லை. புறப்பட்டு இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடத்தினாற் போதும் என்பதே அப்போதைய விதி. கப்பல் புறப்படுமுன்னோ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்தவேண்டும் என்னும் விதி 2015இல் நடைமுறைக்கு வந்தது. பேரக்குழந்தைகளோடு வரிசையில் நின்று சட்டை அணியக் கற்கும் பாட்டி, அக்கப்பலிலேயே மிகக் கவனமான மாணவியாக இருக்கக்கூடும்.

துறைமுக வழிகாட்டி முன்னின்று நெறிப்படுத்தக் கப்பல் மெல்ல வெளியேறும். நகரின் உயர்ந்த கட்டடங்கள் சிறுத்து, பின்னர் அடியிலிருந்து மேலாக ஒவ்வொன்றாய் மறையும். உலகம் உருண்டை என்று வகுப்பில் படித்ததைக் கண்ணாற் காணும் இடம் இது. நீர்மட்டத்திற்கு முப்பது மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் அமையும். அது தாம்பரத்திலிருந்து மாம்பலத்தைச் சற்றுத் தாண்டும் தொலைவே. கடல் எல்லையற்றதாகத் தோன்றினும், கண்ணுக்கு எட்டும் வட்டம் அவ்வளவு சிறியது!

உள்ளே இன்னிசை, கூத்து, விளையாட்டு, வேளைதோறும் உணவு என யாவும் உண்டு. சூதாட்டக் கூடமும் உண்டு. அது காரணமாக எதிர்ப்பு எழுந்து, 2022 ஜூன் திங்களில் புதுச்சேரியில் அக்கப்பல் நிற்க அரசு இசையவில்லை. குழந்தைகளுடன் செல்லும் பெற்றோர் அப்பக்கம் போகாதிருத்தலே சாலும். அவர்களுக்குக் காட்டத்தக்க விந்தை வேறொன்று உண்டு. அஃது அறையிலுள்ள தண்ணீர்க் குழாய்.

தென்சென்னைப் புறநகர் மக்களுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் சென்னைக்கு நீர் கொணரப்பட்டது. குடமும் கையுமாக லாரிக்குக் காத்து நின்ற வீட்டார், நாற்புறமும் உப்புநீர் சூழ்ந்த இடத்தில் குழாயைத் திறந்தவுடன் நன்னீர் வருவது கண்டு திகைப்பர். பெருங்கப்பல்களில் இதற்கு இருவகை ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, பொறிகள் வெளியிடும் வெப்பத்தால் கடல்நீரை ஆவியாக்கிக் குளிரச் செய்தல். கலத்திலிருந்து காற்றை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்துவிட்டால், நீர் மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். உதகமண்டலத்தில் சென்னையைவிடக் குறைந்த வெப்பத்தில் நீர் கொதிப்பதும் இதனாலேதான். எனவே, வீணே போகும் வெப்பமே போதுமானதாகிறது. மற்றொன்று, நுண்ணிய சவ்வின் வழியே கடல்நீரை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்தி உப்பைப் பிரித்தல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலியில் 2013 முதல் நடைபெறுவது இம்முறையே.

நன்னீர் வந்த கதை இதுவாயின், கழிவுநீர் போகும் கதையும் கேட்கத்தக்கதே. தூய்மைப்படுத்தாத கழிவைக் கரையிலிருந்து 12 கடல்மைலுக்குள் விடலாகாது என்பது உலக ஒப்பந்தம். நெகிழிப் பொருளையோ கடலில் எங்குமே எறிதல் கூடாது. இவ்விதிகளை எல்லாக் கப்பல்களும் எந்நாளும் வழுவாது காத்தன என்று சொல்வதற்கில்லை. பிற நாடுகளில் பெருந்தண்டம் செலுத்திய நிறுவனங்களும் உண்டு. தின்பண்ட உறையைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டுத் திரும்பும் சிறுவனைப் பாட்டி அதட்டினால், அவரும் அறியாமலே உலகச் சட்டம் ஒன்றைக் காப்பவராகிறார்.

இரண்டாம் நாள் முழுதும் கரை தென்படாது. முற்பகலில் நீர்ப்பரப்பைக் கூர்ந்து நோக்குவோர், பறவை மீன்கள் அலையினின்றும் எழுந்து சற்றுத் தூரம் மிதந்து மறைவதைக் காணக்கூடும். இரவில் மேல்தளத்தின் விளக்கொளி படாத மூலை ஒன்றைத் தேடி நின்றால், தாம்பரத்து வானில் தெரியாத விண்மீன்களும் தெரியும். நீருக்கடியில் இருபுறமும் இறக்கைபோல் நீண்டிருக்கும் பலகைகள் கப்பலின் ஆட்டத்தைத் தணிக்கின்றன. ஆயினும், ஆட்டம் அடியோடு நின்றுவிடுவதில்லை. முதலில் தலைசுற்றும், பின்னர்ச் செவியினுள் அமைந்த சமநிலை உறுப்பும் மூளையும் அவ்வசைவுக்குப் பழகிவிடும்.

மூன்றாம் நாட் காலையில் மெரினாக் கலங்கரை விளக்கம் மீண்டும் தோன்றும். பெட்டிகளைச் சுமந்து வெளியே வந்து, சாலையைக் கடந்து, கடற்கரை நிலையத்தில் நிற்கும் தாம்பரம் வண்டியில் குடும்பத்தார் அமர்வர். வண்டி இன்னும் புறப்பட்டிராது. எனினும் இருக்கை மெல்ல ஆடுவதுபோலத் தோன்றும். கடலசைவுக்குப் பழகிய மூளை நிலத்துக்குப் பழகச் சில மணி நேரம் ஆகும். சிலருக்கு ஓரிரு நாளும் ஆகலாம். “பாட்டி, வண்டி கிளம்பிவிட்டதா?” என்று பேரன் கேட்பான். சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு பாட்டியும் வெளியே எட்டிப் பார்ப்பார்.