பிளாஸ்டிக் பட்டறை – 17: ஒரு தேக்கரண்டி ஈரம்

சென்ற வாரம் பார்த்த நைலானுக்கு ஈரம் ஒரு தொல்லை. இந்த வாரம் வரும் டிபியு-வுக்கு அது பிறவிப் பகை.

தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் என்பது முழுப்பெயர். மோல்டிங் கூடங்களில் அப்படி யாரும் சொல்வதில்லை, டிபியு-தான். செல்போனின் வளையும் பேக் கவர், ஹீல்ஸ் செருப்பின் குதிமுனையில் ஒட்டியிருக்கும் சிறு துண்டு, ரோபோவின் கை மடங்கும்போதெல்லாம் கூடவே மடங்கும் கேபிளின் மேலுறை என்று பல இடங்களில் இருப்பது இதுதான். மாடுகளின் காதில் 12 இலக்க எண்ணோடு தொங்குகிறதே மஞ்சள் அட்டை, அதுவும் டிபியு. எட்டு கிராம் எடை. மழை, வெயில், முள்வேலி, பக்கத்து மாட்டின் நாக்கு எல்லாவற்றையும் அது தாங்கியாக வேண்டும்.

ரப்பரைப் போல இழுபடும், விட்டால் பழைய நிலைக்கு வரும். ஆனால் ரப்பரை ஒருமுறை கந்தகம் போட்டு வேகவைத்துவிட்டால் பிறகு உருக்க முடியாது; டிபியு-வை உருக்கலாம், மறுபடி வார்க்கலாம். காரணம் அதன் சங்கிலி அமைப்பு. நீண்ட மென்பகுதி, குட்டையான கடினப்பகுதி, மறுபடி மென்பகுதி என்று மாறி மாறி வரும் சங்கிலி அது. கடினப்பகுதிகள் தம் இனத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் பிணைப்பால் ஆங்காங்கே திரண்டுகொள்கின்றன. அந்தத் திரள்கள்தான் முடிச்சுகள். சூடேறினால் அவிழும், ஆறினால் விழும். 1958-இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்து வேதியியலாளர் சார்லஸ் ஷோலன்பெர்கரும் அவருடைய கூட்டாளிகளும் இதை விவரித்து எழுதியபோது, குறுக்குப் பிணைப்பு உள்ளதுபோலவே நடந்துகொள்ளும் எலாஸ்டோமர் என்றுதான் வர்ணித்தார்கள். 'எஸ்டேன்' என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. இன்றும் விற்கிறது.

கடினப்பகுதிக்கு எம்டிஐ என்ற டைஐசோசயனேட்டும் பியூட்டேன்டையாலும், மென்பகுதிக்குப் பாலியால். மூன்று சரக்குதான். விகிதத்தை மாற்றினால் விரலால் அமுக்கக்கூடிய ஷூ பகுதியிலிருந்து சுத்தியல் தலை வரைக்கும் கடினம் மாறும். இவ்வளவு அகலமான வீச்சு வேறெந்த எலாஸ்டோமருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

தண்ணீரின் பகை இந்தக் குடும்பம் பிறந்தபோதே தொடங்கிவிட்டது. 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஐ.ஜி. ஃபார்பன் ஆய்வகத்தில் ஓட்டோ பேயர் டைஐசோசயனேட்டுகளைக் கொண்டு பாலியூரித்தேன் செய்யும் முறைக்குக் காப்புரிமை கோரினார். (பேயர் நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பத்துக்கும் இவருக்கும் உறவில்லை, பெயர் ஒற்றுமை மட்டுமே.) டூபாண்ட் கம்பெனியின் நைலான் காப்புரிமைகளைச் சுற்றிப்போக வேறு வழி வேண்டியிருந்தது அவர்களுக்கு. வார்த்தெடுத்த மாதிரிகளிலோ குமிழிகள். ஐசோசயனேட் தண்ணீரைக் கண்டால் கார்பன் டை ஆக்சைடை விடும். சரக்கில் மிச்சமிருந்த துளி ஈரமே அதற்குப் போதும். சோதனைக்குப் போன மாதிரி ஒன்று, ஓட்டைகள் நிறைந்த எமெண்டால் பாலாடைக் கட்டிக்குப் போலி செய்ய வேண்டுமானால் உதவும் என்ற கிண்டலோடு திரும்பி வந்ததாக ஒரு கதை உண்டு. கிண்டல் செய்தவர் யாரோ, அவர் பிற்பாடு ஃபோம் மெத்தையில்தான் படுத்திருக்க வேண்டும். அந்தக் குமிழியை வேண்டுமென்றே வரவழைத்ததில் பிறந்ததுதான் பாலியூரித்தேன் நுரைத் தொழில்.

மெத்தைக்குக் குமிழி வரம். மோல்டிங் போடுபவருக்கு அது ரிஜெக்ஷன்.

டிபியு மணிகளைத் தயாரிக்கும் ஆலையில், மூன்று சரக்கும் இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடருக்குள் கலந்து, 200 டிகிரிக்குப் பக்கத்தில் வினைபுரிந்து, உருகிய நிலையில் வெளியே வருகின்றன. வந்ததும் மணி மணியாக நறுக்குவது எங்கே தெரியுமா? பெரும்பாலும் தண்ணீருக்கடியில். காற்றில் வெட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் இந்த ஏற்பாடு. பிறகு அந்தத் தண்ணீரை விரட்டி, காயவைத்து, ஈரம் புகாத பையில் அடைத்து அனுப்புகிறார்கள். அந்தப் பையை வாயைத் திறந்து ஷிஃப்ட் முழுக்க வைத்திருப்பதில்தான் நம்மூர்ப் பிரச்சினை தொடங்குகிறது. மழைக்காலத்தில் மூடாமல் வைத்த அப்பளம் நமத்துப்போகிற கதை. ஆனால் அப்பளம் நமத்தால் கைக்குத் தெரியும். டிபியு மணி பார்வைக்கும் தொடுகைக்கும் அப்படியே இருக்கும்.

மெஷினுக்குள் போகும்போது ஈரம் 0.02 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 25 கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டால் ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. அதற்கு மேல் போனால் 200 டிகிரி பேரலுக்குள் அந்தத் தண்ணீர் இரண்டு வேலை செய்யும். ஆவியாகிக் குமிழியும் வெள்ளிக் கோடும் போடும். அது கண்ணுக்குத் தெரியும், பீஸைக் கழித்துவிடலாம். இன்னொன்று தெரியாது: சங்கிலிகளை அங்கங்கே வெட்டிவிடும். பீஸ் பளபளவென்று வரும், கவுண்டரில் விற்கும், ஆறு மாதத்தில் வளைந்த இடத்தில் விரியும். எனக்குக் குமிழியைவிட இதுதான் பயம்.

சாதாரண ஹாட் ஏர் ட்ரையர் போதாதா என்று கேட்பார்கள். நவம்பர் மாதச் சென்னைக் காற்றைச் சூடாக்கி ஊதினால் அந்தக் காற்றிலேயே வேண்டிய அளவு ஈரம் இருக்கிறது. அது மணியிலிருந்து எதைப் பிடுங்கும்? காற்றையே முதலில் உலர்த்தி, பனிநிலை மைனஸ் 40 டிகிரிக்குக் கொண்டுவந்து, பிறகு சூடாக்கி ஊதும் டீஹியூமிடிஃபையர் ட்ரையர் வேண்டும். மெட்டீரியலின் கடினத்துக்கு ஏற்ப 80 முதல் 110 டிகிரி, இரண்டு மூன்று மணி நேரம். அனுபவப்பட்ட ஆபரேட்டர் ஷாட் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் உருகலைத் தரையில் பர்ஜ் செய்து பார்ப்பார். நுரைத்தால் 'காயல' என்று ஒற்றைச் சொல். மீட்டர் இல்லாத கூடத்தில் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

காய்ந்த பிறகும் சில பிடிவாதங்கள் உண்டு. அச்சைக் கண்ணாடிபோலப் பாலிஷ் செய்தால் பீஸ் சுலபமாகக் கழன்று வரும் என்பது பொதுவான நம்பிக்கை. மென்மையான டிபியு-வில் நேர்மாறு. வழவழப்பான பரப்பில்தான் அது அப்பிக்கொள்ளும், லேசாகச் சொரசொரப்பாக்கினால் விட்டுக்கொடுக்கும். வெளியே வந்த பீஸும் அன்றே முழு ஆளாகிவிடாது. கடினப்பகுதிகள் தேடிச்சேர்ந்து திரள நேரம் பிடிக்கும். அழுத்தத்தில் கிடக்கும் சீல், புஷ் போன்றவற்றை 80 முதல் 100 டிகிரி அடுப்பில் 15–20 மணி நேரம் வைத்து எடுத்தால்தான் நசுங்கிய பின் நிமிரும் குணம் சரியாக வரும். மின்கட்டணத்தைக் காட்டி இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம்.

இனி பர்சேஸ் பிரிவுக்கு ஒரு வார்த்தை. டிபியு வாங்கும்போது ஷோர் கடினமும் கிலோ விலையும் கேட்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி, மென்பகுதி பாலியெஸ்டரா பாலியீதரா என்பது. எஸ்டர் வகை தேய்மானத்தையும் எண்ணெயையும் நன்றாகத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் எஸ்டர் பிணைப்பைத் தண்ணீர் மெல்ல உடைக்கும். உடைந்தால் அமிலம் வரும். அந்த அமிலம் அடுத்த உடைப்பை வேகப்படுத்தும். ஈதர் வகைக்கு இந்த நோய் அநேகமாக இல்லை, பூஞ்சையும் கிட்டே வராது. அதனால்தான் மண்ணுக்கடியில் போகும் கேபிளுக்கு அதைக் கேட்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், மூட்டையில் இருக்கும்போது ஈரத்தை வேகமாக உறிஞ்சுவது இந்த ஈதர் வகைதான். பின்னால் தண்ணீரைத் தாங்கப்போகிற மெட்டீரியலைத்தான் முன்னால் அதிகம் காயவைக்க வேண்டியிருக்கிறது.

ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்துக் காலணிக்காரர்களுக்கு நான் சொல்லி இது தெரிய வேண்டியதில்லை. பெட்டியிலேயே பத்திரமாக வைத்த ஷூவின் அடிப்பாகம் சில ஆண்டுகள் கழித்து எடுத்துப் போட்டதும் பொலபொலவென்று உதிர்கிறதே, அது எஸ்டர் வகைப் பாலியூரித்தேன் நுரையைக் காற்றின் ஈரம் உள்ளிருந்தே தின்றதன் விளைவு. 70 டிகிரி வெப்பம், 95 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் அடிப்பாகத்தை அடைத்துவைத்துப் பார்க்கும் சோதனைக்குத் தொழிலில் 'ஜங்கிள் டெஸ்ட்' என்று பெயர். எஸ்டர் வகைக்கு கார்போடைஇமைடு என்ற நிலைப்படுத்தி சேர்த்தால் சங்கிலி உடைவது தள்ளிப்போகும், நிற்காது.

பேக் கவர் மஞ்சளாவதற்கு மட்டும் ஈரம் பொறுப்பல்ல. எம்டிஐ-யில் உள்ள பென்சீன் வளையங்களை வெயிலின் புற ஊதாக் கதிர் நிறமுள்ள பொருள்களாக மாற்றுகிறது. பென்சீன் வளையமில்லாத அலிபாட்டிக் டைஐசோசயனேட் போட்டால் மஞ்சளாகாது. காரின் பெயிண்டைக் காக்க ஒட்டும் விலையுயர்ந்த ஃபிலிம் அந்த வகை டிபியு. நூறு ரூபாய் கவருக்கு யாரும் அதைப் போட மாட்டார்கள்.

கடைசியாக, தண்ணீரும் டிபியு-வும் கைகோத்த ஓர் இடம். 2013-இல் அடிடாஸ் 'பூஸ்ட்' ஷூவைக் கொண்டுவந்தது. அதன் நடுப்பகுதி, பிஏஎஸ்எஃப் நிறுவனம் உருவாக்கிய 'இன்ஃபினர்ஜி' என்ற உப்பவைத்த டிபியு மணிகள். கைக்கு லேசான அந்த மணிகளை அச்சில் கொட்டி ஒன்றோடொன்று ஒட்டவைக்கப் பசை கிடையாது, நீராவியைப் பாய்ச்சுகிறார்கள். மணியின் மேற்தோல் மட்டும் இளகி அக்கம்பக்கத்தோடு பற்றிக்கொள்ளும், உள்ளே இருக்கும் நுரை கலையாது. சங்கிலியை வெட்ட அவகாசம் கிடைப்பதற்குள் நீராவியின் வேலை முடிந்துவிடுகிறது.

நான்கு ஆண்டுகளில் பந்தய ஷூக்களில் வேறொரு எலாஸ்டோமர் முன்னால் ஓடத் தொடங்கியது: நைலானும் பாலியீதரும் கலந்த பெபா. அடுத்த வாரம் அது.