ஒரு ரூபாய் டிக்கெட்டின் கணக்கு

இந்தியாவில் குறைந்த கட்டண விமானப் பயணத்தைத் தொடங்கி வைத்தது ஏர் டெக்கான். முன்னாள் ராணுவ அதிகாரியான கேப்டன் ஜி.ஆர்.கோபிநாத் 2003 ஆகஸ்டில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு, 48 இருக்கைகள் கொண்ட ஏடிஆர்-42 விமானங்களுடன் இதைத் துவக்கினார். ஆர்.கே.லக்ஷ்மணின் சாமானிய மனிதன்தான் சின்னம். பிறகு ஒரு ரூபாய் டிக்கெட் (வரிகள் தனி) வந்தபோது, 'இது எப்படிக் கட்டுப்படியாகும்?' என்று கேட்காதவர்கள் குறைவு.

எரிபொருளும், விமானக் குத்தகையும், நிலையக் கட்டணமும் மலிவு நிறுவனத்துக்கென்று தனியாகக் குறைவதில்லை. இந்தியாவில் எரிபொருளே செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அப்படியானால் மிச்சம் பிடிப்பது எங்கே?

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். ஒன்றரை மணி நேரப் பயணம். விமானம் நாளொன்றுக்கு 14 மணி நேரம் உழைக்கிறது. ஒவ்வொரு முறையும் தரையில் ஒரு மணி நேரம் நின்றால் 5 நடைதான் போகலாம். அரை மணியில் கிளம்பினால் 7 நடை. ஏ-320 விமானத்தில் உயர் வகுப்பை எடுத்துவிட்டால் ஏறக்குறைய 145 இருக்கைகள் 180 ஆகும். 725 இருக்கைகள் விற்ற இடத்தில் இப்போது 1,260. குத்தகை அதேதான், ஒரு இருக்கையின் பங்கு 58 சதவிகிதமாகக் குறைந்துவிடுகிறது. சாப்பாட்டைக் காசுக்கு விற்பது, இணையத்தில் டிக்கெட் விற்று ஏஜெண்ட் கமிஷனை மிச்சம் பிடிப்பது எல்லாம் இதற்குப் பின்னால்தான். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 1970களிலேயே காட்டிய வழி இது.

மென்பொருள் துறையில் இருப்பதால் எனக்குச் சுவாரசியமானது டிக்கெட் விலைதான். காலி இருக்கையோடு விமானம் கிளம்பினால் அந்த இருக்கை அழுகிய கத்தரிக்காய்தான், மறுநாள் விற்க முடியாது. ஆனால் சந்தையில் பொழுது சாயச் சாய விலை இறங்கும்; இங்கே ஏறுகிறது. கடைசி நாளில் வாங்குபவர் அவசரத்தில் இருப்பவர், கேட்டதைக் கொடுப்பார். எனவே இருக்கைகளைப் பல விலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒன்று தீர்ந்ததும் அடுத்ததைத் திறக்கிறது கணினி. ஒரு ரூபாய்க் கட்டத்தில் இருப்பவை மிகச் சில. அவை விளம்பரச் செலவு என்றே கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள். அரை மணியில் கிளம்பும் அட்டவணையில் இடைவெளியே கிடையாது. காலையில் ஒரு விமானம் தாமதித்தால் இரவு வரை எல்லா நடையும் தாமதிக்கும். அடுத்தது, விமான ரகம். ஒரே ரகம் என்றால் விமானிப் பயிற்சி, உதிரி பாகம், பராமரிப்பு எல்லாம் ஒன்று. ஏர் டெக்கான் சிற்றூர்களுக்கு ஏடிஆர், பெருநகரங்களுக்கு ஏர்பஸ் என இரண்டையும் வைத்துக்கொண்டது. சிற்றூர்களுக்குப் பறக்க ஏடிஆர் தேவைதான், ஆனால் செலவும் இரட்டிப்பு. டிக்கெட் விலை செலவுக்குக் கீழேயே நின்றது, நஷ்டம் குவிந்தது. 2007-ல் கிங்ஃபிஷர் பங்கு வாங்கியது; 2008-ல் இரண்டும் இணைந்தன. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரும் நின்றது. மாதக்கணக்கில் சம்பளம் காணாத ஊழியர்கள் தெருவில் நின்றார்கள்.

2006 ஆகஸ்டில் வந்த இண்டிகோ, 2005-லேயே 100 ஏ-320 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, பல ஆண்டுகள் அந்த ஒரே குடும்ப விமானங்களை மட்டுமே ஓட்டியது. ஏடிஆரை அது சேர்த்தது 2017-ல், காலூன்றிய பிறகு. 2022 ஆகஸ்ட் 7 அன்று மும்பை-அகமதாபாத் தடத்தில் பறக்க ஆரம்பித்த ஆகாசா ஏர் நிறுவனமும் போயிங் 737 மேக்ஸ் என்ற ஒரே ரகத்தோடுதான் களம் இறங்கியது.

ஏர் டெக்கானைத் தோல்வி என்று ஒரு சொல்லில் ஒதுக்க எனக்கு மனமில்லை. ரயிலில் மட்டுமே போய்ப் பழகிய குடும்பங்களை விமானத்தில் ஏற்றியது அது. 'சூரரைப் போற்று' (2020) பார்த்தவர்களுக்கு அந்தக் கனவு தெரியும். ஆனால் குறைந்த கட்டணம் வேறு, குறைந்த செலவு வேறு. புது நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்தால் டிக்கெட் விலையை அப்புறம் பாருங்கள். எத்தனை ரக விமானம், ஒவ்வொன்றும் நாளைக்கு எத்தனை மணி நேரம் பறக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். அடுத்த வருஷமும் அது பறக்குமா என்பது அதில் ஓரளவு தெரிந்துவிடும்.