கைபேசிக்கு முன் கொல்கத்தா: பிறர் கை வழியே போன சேதிகள்

கொல்கத்தா: 1995 ஜூலை 31. மேற்கு வங்கத்தின் அப்போதைய தலைமைச் செயலகமான ரைட்டர்ஸ் கட்டடத்தில் இருந்து முதல்வர் ஜோதி பாசு, தில்லி சஞ்சார் பவனில் இருந்த மத்திய தகவல் தொடர்புத் துறை அமைச்சர் சுக்ராமுடன் கைபேசியில் பேசினார். இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு இது. அழைத்தவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்றவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலம் அது.

ரைட்டர்ஸ் கட்டடம் அமைந்துள்ள அதே டல்ஹௌசி சதுக்கத்தின் மேற்குப் பக்கத்தில் வெண்ணிறக் குவிமாடத்துடன் நிற்கிறது தலைமை அஞ்சலகம். வால்டர் கிரான்வில் வடிவமைத்த இக்கட்டடம் 1868-இல் திறக்கப்பட்டது. கொல்கத்தாவின் தலைமை அஞ்சலகம் என்ற அமைப்போ அதைவிடப் பழையது. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், 1774-இல் ஏற்படுத்தப்பட்டது. அமைச்சர்கள் கைபேசியில் பேசிக்கொண்ட அந்நாளில்கூட, இந்நகரின் உழைப்பாளிகளில் பெரும்பாலோர் ஊருக்குச் சேதி அனுப்ப நாடியது அஞ்சலகத்தைத்தான்.

கொல்கத்தாவுக்குத் தொலைபேசி தாமதமாக வந்தது என்று சொல்ல முடியாது. 1882-லேயே இங்கு தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் அது வணிக நிறுவனங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் செல்வந்தர்களின் மாளிகைகளுக்கும் உரியதாக இருந்தது. ஹூக்ளி நதியின் இரு கரைகளிலும் இருந்த சணல் ஆலைகளின் தொழிலாளர்கள், கைரிக்ஷா இழுப்பவர்கள், சுமைதூக்குபவர்கள் ஆகியோரில் பெரும் பகுதியினர் பிகார், கிழக்கு உத்தரப் பிரதேசம், ஒரிசா ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில் இருந்து வந்த தெலுங்கர்களும் உண்டு. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியே வந்தவர்களே இவர்களில் அதிகம்.

எழுதப் படிக்கத் தெரியாத இவர்களுக்காக அஞ்சலக வாசலில் ஒரு தொழிலே நடந்தது. மையும் பேனாவுமாக நடைபாதையில் அமர்ந்திருப்பவரிடம் சேதியைச் சொன்னால், அவர் அதற்குரிய மரியாதைச் சொற்களைச் சேர்த்துக் கடிதமாக்கித் தருவார். ஊரில் அதைப் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் தபால்காரர் அல்லது பள்ளி ஆசிரியர். ஆக, கணவன் மனைவிக்குச் சொல்ல விரும்பிய ஒவ்வொரு சொல்லும் அந்நியர் இருவரைக் கடந்தே சென்றது. கடன், காய்ச்சல், மழை, மாட்டின் ஈற்று ஆகியவற்றைச் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல நினைத்தவற்றை மனதோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

1880-இல் மணியார்டர் முறை வந்தபோது, அதன் படிவத்தின் அடியில் சேதி எழுதச் சிறிது இடம் விடப்பட்டிருந்தது. பணத்துக்குக் கட்டணம் செலுத்திவிட்டால் அந்தச் சில வரிகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஏழைகளின் கடிதம் என்பது பல வீடுகளில் இந்தக் கூப்பன்தான். மாதா மாதம் பணம் வந்தால் ஊரில் உள்ளவர்களுக்கு அதுவே, அவர் உயிரோடும் வேலையோடும் இருக்கிறார் என்பதற்கான சேதி. இரண்டு மாதம் வராவிட்டால் அதுவும் ஒரு சேதிதான்.

அஞ்சலுக்கும் எட்டாத துயரத்தைப் பிகாரின் சாரண் மாவட்டத்தைச் சேர்ந்த நாடகக் கலைஞர் பிகாரி தாக்கூர் (1887-1971) மேடையேற்றினார். "பிதேசியா" என்ற அவரது போஜ்புரி நாடகத்தில், கல்கத்தாவுக்குப் போன கணவனிடம் இருந்து தகவல் ஏதும் இல்லாமல் தவிக்கும் பெண், அந்த வழியே செல்லும் பயணி ஒருவரிடம் சேதி சொல்லி அனுப்புகிறாள். அன்னத்தையும் கிளியையும் தூதுவிட்ட தமிழ் மரபு அறிந்தவர்களுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் குடியேறிய தமிழர்கள் இந்த விஷயத்தில் சற்று வசதியானவர்கள். கணக்கர்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் வந்த அவர்களுக்குக் கடிதம் எழுதப் பிறர் தயவு தேவைப்படவில்லை. "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கும் இன்லண்ட் கடிதத்தின் ஓரங்களில்கூட இடம் விடாமல் எழுதினார்கள். மஞ்சள் தடவிய உறை வந்தால் கல்யாணம். கருப்பு மை தீட்டிய அஞ்சலட்டை வந்தால் படித்தவுடன் கிழித்தெறிந்துவிட்டுத் தலை முழுகினார்கள். சாவுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர முடிந்தவர்கள் குறைவு. ரயிலில் சென்னையை அடையவே ஒரு நாளுக்கு மேலாகும்.

தந்திக்கும் இந்நகரே தாயகம். கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியரான வில்லியம் ஓஷானெஸ்ஸி, 1850-51-இல் டயமண்ட் ஹார்பருக்கு அமைத்த தந்தித் தடம்தான் நாட்டின் தந்திச் சேவைக்குத் தொடக்கம். கப்பல்களின் வருகையைக் கம்பெனிக்கு உடனுக்குடன் தெரிவிப்பது அதன் பயன்களில் ஒன்று. பிற்காலத்தில் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் வசூலிக்கப்பட்டதால் வினைச்சொற்கள்கூட வெட்டப்பட்டன. தஞ்சை மாவட்டக் கிராமத்துக்கு ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்த தந்தியை, படித்தவர் யாரேனும் வந்து பிரிப்பதற்கு முன்பே அழுகை தொடங்கிவிடும்.

சுதந்திரத்துக்குப் பின்னும் தொலைபேசி எளிதில் கிடைக்கவில்லை. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளியூர் அழைப்பு என்றால் "டிரங்க் கால்" பதிவு செய்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் தகவல் தொடர்பு அமைச்சராக இருந்த சி.எம். ஸ்டீபன், தொலைபேசி என்பது உரிமையல்ல, ஆடம்பரம் என்ற பொருள்பட நாடாளுமன்றத்தில் பதிலளித்ததாக இன்றும் பேசப்படுவதுண்டு. அவரது காலத்து அரசின் கணக்கில் அது உண்மையாகவும் இருந்திருக்கலாம்; மகனின் குரலைக் கேட்கக் காத்திருந்த தாய்க்கு அந்தக் கணக்குப் புரிந்திருக்காது.

2013 ஜூலை 14-ஆம் தேதியுடன் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. நினைவுக்காக ஒரு தந்தியாவது அனுப்பிவிட வேண்டும் என்று கடைசி நாளில் பல நகரங்களிலும் வரிசையில் நின்றார்கள். மணியார்டர் மறைந்தபோது அத்தகைய கூட்டம் ஏதுமில்லை. 2015-இல் பழைய காகித மணியார்டர் கைவிடப்பட்டு, மின்னணு மணியார்டர் மட்டும் தொடர்ந்தது. அதில் அனுப்புபவர் தன் விருப்பம்போல் எழுத முடியாது. அஞ்சல் துறை தந்த பட்டியலில் உள்ள வாசகங்களில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். மாடு கன்று ஈன்றதா என்று அதில் கேட்க வழியில்லை.