பெயரும் வடிவமும் போதுமா? – ராணுவத் துப்பாக்கியும் கடைத் துப்பாக்கியும்

சிங்கப்பூரில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தேசிய சேவை ஆற்றியவர்களுக்கு எம்16 துப்பாக்கியைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, மீண்டும் பூட்டிப் பழகிய கைகள் அவை. அமெரிக்காவில் அதே தோற்றமுள்ள துப்பாக்கியைப் பொதுமக்கள் கடையில் விலை கொடுத்து வாங்க முடியும். 'ராணுவத் தரம்' என்ற விளம்பரமும் அதனுடன் சேர்ந்தே வரும். அந்தச் சொல்லில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய துப்பாக்கியைக் கடையில் வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியையும் வைத்திருக்க அனுமதிப்பதில்லை. சிங்கப்பூரின் சட்டமும் அதே அளவு கடுமையானது. ஆனாலும், ஒரு பொருளை 'அசல்' என்று எப்போது சொல்லலாம் என்பதை விளங்கிக்கொள்ள இது நல்ல எடுத்துக்காட்டு.

ரிசீவர் என்பது என்ன?

துப்பாக்கியின் குழல், போல்ட், விசை, மேகசின் ஆகிய அனைத்தும் வந்து சேரும் நடு உடற்பகுதியே ரிசீவர். எம்16 துப்பாக்கியில் இது மேல் பாகம், கீழ்ப் பாகம் என இரண்டாகப் பிரிந்திருக்கும். இரண்டு ஊசிகள் அவற்றை இணைக்கின்றன. வரிசை எண் பொறிக்கப்படுவது கீழ்ப் பாகத்தில்தான். அமெரிக்க நடைமுறையில் அந்தக் கீழ்ப் பாகமே 'துப்பாக்கி' எனக் கருதப்படுகிறது. குழலும் கட்டையும் பழைய ராணுவப் பொருளாகவே இருந்தாலும், ரிசீவர் வேறு என்றால் துப்பாக்கியும் வேறுதான். பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் முதலில் ரிசீவரை உற்றுப் பார்ப்பது இதனால்தான்.

கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள்

1967ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்16ஏ1 ரகத்தில், மேகசினை விடுவிக்கும் பொத்தானைச் சுற்றி ஒரு வரம்பு எழும்பியிருக்கும். கை தவறிப் பட்டு மேகசின் கீழே விழாமல் காக்கவே அந்த ஏற்பாடு. முதன்முதலில் வந்த துப்பாக்கிகளில் இந்த வரம்பு இல்லை. இடைக்காலத்தில் வந்தவற்றில் பாதி வரம்பு இருந்தது. ஏ1 ரகத்தில்தான் அது முழுமை பெற்றது. ஆகவே 'அசல்' என்று சொல்பவர் எந்த ஆண்டின் அசல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அசலைத் தயாரித்த கோல்ட் நிறுவனமே பொதுமக்களுக்கு வேறுவிதமாகச் செய்து விற்றிருக்கிறது. அறுபதுகளின் நடுவில் அது வெளியிட்ட எஸ்பி1 துப்பாக்கியில், முன்பக்க ஊசியின் விட்டம் 0.315 அங்குலம். ராணுவத் துப்பாக்கியில் அது 0.250 அங்குலம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் அண்ணன் தம்பி போலத் தோன்றும். ஆனால் ஒன்றின் மேல் பாகத்தை மற்றொன்றின் கீழ்ப் பாகத்தில் அப்படியே பொருத்த முடியாது.

உறுதியானது வேறு, அசல் வேறு

எண்பதுகளில் எம்16ஏ2 வந்தபோது கீழ்ப் பாகத்தில் முன் ஊசியைச் சுற்றியும், பின்பக்கத்தில் கட்டை பொருந்தும் இடத்திலும் உலோகம் தடிப்பாக்கப்பட்டது. பயன்பாட்டில் பலவீனமாகத் தெரிந்த இடங்கள் அவை. பின்னர் வணிகத்துக்கு வந்த பெரும்பாலான ரிசீவர்கள் இந்தத் திருத்திய வடிவத்தையே பின்பற்றின. அவை ஏ1 ரகத்தைவிட உறுதியானவை. ஆனால் ஏ1 துப்பாக்கியின் மறுபதிப்பாக அவற்றை ஏற்க முடியாது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். தரம் உயர்ந்தால் அசலுக்கு நெருக்கமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அசலுக்கு உண்மையாக இருப்பதென்றால், அதன் குறைகளையும் அப்படியே ஏற்றுக்கொள்வது என்றுதான் பொருள். பழைய ஏ1 வடிவத்தையே விரும்புபவர்களுக்காகப் பிரவுனெல்ஸ் நிறுவனம் 2018ஆம் ஆண்டு தனி வரிசை ஒன்றை வெளியிட்டது. மெலிந்த பழைய உருவத்துக்காகவே அதை வாங்குவோர் இருக்கிறார்கள்.

உலோகமும் பக்குவமும்

இன்றைய ராணுவ வரையறைப்படி எம்16 வகை ரிசீவர், 7075-டி6 என்ற அலுமினியக் கலவையைச் சூடாக்கி அச்சில் அடித்து உருவாக்கப்படுகிறது. கடையில் கிடைப்பவற்றில், அலுமினியக் கட்டியிலிருந்து செதுக்கியவை உண்டு. பிளாஸ்டிக்கில் செய்தவையும் உண்டு. பிளாஸ்டிக் எப்படித் தாங்கும் என்று கேட்கலாம். எம்16 துப்பாக்கியில் தோட்டா வெடிக்கும் அழுத்தத்தை ரிசீவர் நேரடியாகத் தாங்குவதில்லை. எஃகுப் போல்ட் குழலின் பின்நீட்சியில் பூட்டிக்கொள்கிறது. சுமை அந்த இரண்டுக்கும் இடையிலேயே நின்றுவிடுகிறது.

அதற்கு முந்திய எம்14 துப்பாக்கியின் கதை வேறு. அதில் போல்ட் பூட்டிக்கொள்வது ரிசீவரிலேயேதான். சுடுபவரின் முகத்துக்குச் சில அங்குல தூரத்தில் இருக்கும் அந்த எஃகு உடைந்தால் உயிருக்கே ஆபத்து. ராணுவ ரிசீவர்கள் 8620 ரக எஃகை அடித்து உருவாக்கப்பட்டவை. வெளிப்பரப்பு கடினமாகவும் உட்பகுதி அதிர்ச்சியைத் தாங்கும்படியும் பக்குவப்படுத்தப்பட்டவை. பொதுமக்களுக்கு விற்கப்படும் எம்1ஏ துப்பாக்கியின் ரிசீவரோ வார்த்துச் செய்யப்படுகிறது. அடித்ததா, வார்த்ததா என்ற விவாதம் அமெரிக்கத் துப்பாக்கி ஆர்வலர்களிடையே பல ஆண்டுகளாக நடந்து வருகிறது.

ஆனால் அடித்துச் செய்வது மட்டுமே பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகிவிடாது. ராணுவத்துக்கு எம்14 தயாரித்த ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் நிறுவனத்தின் ஆரம்பகாலத் துப்பாக்கிகள் சிலவற்றில் 1960ஆம் ஆண்டு பாகங்கள் உடைந்தன. எஃகிலும் அதைச் சூடேற்றிப் பதப்படுத்தியதிலும் குறை இருந்தது கண்டறியப்பட்டது. வரைபடம் அரசாங்கத்துடையது, ஒப்பந்தமும் அரசாங்கத்துடையது. இருந்தும் பக்குவம் தவறியபோது எஃகு தாங்கவில்லை.

சட்டமே விதிக்கும் வேறுபாடு

ராணுவ எம்16 விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மே 19ஆம் தேதிக்குப் பிறகு பதிவான அத்தகைய துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வைத்திருக்க முடியாது. எனவே கடைக்கு வரும் புதிய ரிசீவர், தொடர்ந்து சுடுவதற்கான பாகத்தை ஏற்காத வகையிலேயே செய்யப்பட வேண்டும். வெளித்தோற்றம் நூற்றுக்கு நூறு பொருந்தினாலும், உள்ளே இந்த ஒரு வேறுபாடு இருந்தே ஆக வேண்டும். சட்டத்துக்கு உட்பட்ட எந்தப் புதிய கடை ரிசீவரும் முழு அசலாக இருக்க முடியாது.

பெயரை விலைக்கு வாங்கலாம்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலை அரசாங்கத்துக்குச் சொந்தமானது. அது 1968ஆம் ஆண்டு மூடப்பட்டது. எம்1ஏ துப்பாக்கியைத் தயாரிப்பது, அதன் பிறகு அதே பெயரைச் சூட்டிக்கொண்ட தனியார் நிறுவனம். ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் 1968ஆம் ஆண்டு எம்16ஏ1 தயாரிக்கும் ஒப்பந்தத்தையும் பெற்றது. 1986ஆம் ஆண்டு மூடப்பட்டது. அந்தப் பெயரை 2020ஆம் ஆண்டு வேறொரு குழுமம் வாங்கி, அதே பெயரில் பழைய பாணி ரிசீவர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் சட்டத் தவறு ஏதும் இல்லை. ஆனால் பழைய முத்திரையைப் பார்த்துப் பழைய தொழிற்சாலையின் பொருள் என்று நம்பிப் பணம் கொடுப்பவர் ஏமாந்து போவார்.

சிங்கப்பூரின் அனுபவம்

அசல் வரைபடத்தின் மதிப்பைச் சிங்கப்பூர் நேரடியாக அறிந்த நாடு. 1967ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம், கோல்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்று எம்16எஸ்1 துப்பாக்கியை உள்நாட்டிலேயே தயாரித்தது. வெளியிலிருந்து அளந்து பார்த்துச் செய்த நகல் அல்ல அது, உரிமத்தோடு செய்யப்பட்டது. அமெரிக்காவுக்கு வெளியே செய்யப்பட்டதால் அதைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. அதே நேரத்தில், அந்த உரிமத்துக்கு ஒரு விலையும் இருந்தது. வெளிநாடுகளுக்கு விற்க அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. சொந்த வடிவமைப்பு வேண்டும் என்ற எண்ணம் பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எஸ்ஏஆர் 80 துப்பாக்கியும், 1999ஆம் ஆண்டு அறிமுகமான எஸ்ஏஆர் 21 துப்பாக்கியும் அந்த வழியில் வந்தவை.

ஆக, வடிவம், அளவு, உலோகம், பக்குவம் ஆகியவற்றைப் பிறர் முயன்றால் எட்டிப் பிடிக்கலாம். தொடர்ந்து சுடும் திறனைச் சட்டம் தடுக்கிறது. ராணுவப் பரிசோதகர் ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து ஏற்றுக்கொண்ட வரலாற்றைக் கடைப் பொருளுக்கு எவராலும் கொடுக்க முடியாது. 'ராணுவத் தரம்' என்ற சொல்லைக் கேட்பவர், இவற்றில் எதைக் குறித்து அது சொல்லப்படுகிறது என்று கேட்க வேண்டும். நேர்மையான விற்பனையாளர் அதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார். மழுப்புபவரிடம் பொருள் வாங்காமல் இருப்பதே நல்லது. இது துப்பாக்கிக்கு மட்டும் பொருந்தும் பாடமல்ல.