யார் விலை முந்தியது? போடி ஏலக்கூடத்தில் கணினி வலையமைப்பு

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்பனை ஒரு காலத்தில் குரலை நம்பி நடந்தது. ஏலம் விடுபவர் லாட் எண்ணைச் சொல்வார். வியாபாரிகள் விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். கடைசியாகக் கேட்டவருக்குச் சரக்கு. இரண்டு பேர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டால் யார் முந்தியது என்று பேச்சு வளரும். 2007இல் நறுமணப் பொருட்கள் வாரியம், ஊர் வழக்கில் ஸ்பைசஸ் போர்டு, இதை மின்னணு ஏலமாக மாற்றியது. வியாபாரி மாதிரிக் காயை உருட்டிப் பார்த்து, நிறத்தையும் பருமனையும் மதிப்பிட்டு, திரையில் லாட்டின் விவரம் வந்ததும் விசையை அழுத்துகிறார். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் இதே ஏற்பாடு. 2021 ஜனவரியில் இரு கூடங்களும் மேகக்கணி வழியாக இணைக்கப்பட்டன. போடியில் உட்கார்ந்திருப்பவர் புத்தடி ஏலத்திலும், புத்தடியில் இருப்பவர் போடி ஏலத்திலும் விலை கேட்கலாம் என்றாயிற்று.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் படிக்கும் கணினி வலையமைப்புப் பாடத்தின் பெரும்பகுதி இந்த ஒரு வணிகத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு கணினிகளுக்கு இடையே கம்பி இழுப்பது சிறிய வேலை. பல மேசைகளிலிருந்து வரும் செய்திகளில் எது முந்தியது, எது வந்து சேர்ந்தது, எது வழியில் தொலைந்தது என்பதில் எல்லா இயந்திரங்களும் ஒத்துப்போகச் செய்வதுதான் பெரிய வேலை. அதற்காக வகுத்த விதிகளுக்கு நெறிமுறை என்று பெயர். நெறிமுறை இல்லாத கம்பி வெறும் செம்பு.

ஒரு கட்டடத்துக்குள் அடங்கும் வலையமைப்பு லேன், அதாவது குறும்பரப்பு வலையமைப்பு. பள்ளியின் ஹைடெக் லேப், வங்கிக் கிளை, ஏலக்கூடம் எல்லாம் இந்த வகை. இவற்றில் பெரும்பாலும் ஈதர்நெட் என்ற முறை இயங்குகிறது. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் 1973இல் தொடங்கிய முறை அது. அப்போது எல்லாக் கணினிகளும் ஒரே தடித்த கம்பியைப் பகிர்ந்துகொண்டன. இருவர் ஒரே சமயத்தில் அனுப்பினால் இரண்டு செய்தியும் மோதிக் கெடும்; இருவரும் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். இன்று ஒவ்வொரு கணினியிலிருந்தும் தனிக் கம்பி சுவிட்ச் என்ற பெட்டிக்குப் போகிறது. நடுவில் சுவிட்ச், சுற்றிலும் கணினிகள் என்று அமைவதால் இதை விண்மீன் அமைப்பு என்கிறார்கள். ஒரு கம்பி அறுந்தால் ஒரு மேசை மட்டும் நிற்கும். சுவிட்சே படுத்துவிட்டால் கூடம் முழுவதும் நிற்கும்.

அந்தக் கம்பியை வெட்டிப் பார்த்தால் உள்ளே எட்டு மெல்லிய இழைகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. முறுக்கு அழகுக்காக இல்லை. பக்கத்து மின்கம்பியிலிருந்து வரும் இரைச்சல் ஜோடியின் இரு இழைகளையும் ஒரே மாதிரி தாக்கி, வாங்கும் முனையில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். முனையில் பொருத்தும் பிளாஸ்டிக் தலைக்கு ஆர்ஜே 45 என்று பெயர். பரவலாகப் பின்பற்றும் வரிசையில் இழைகள் இப்படி நிற்கும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நடுவில் பிரிந்து நீல ஜோடிக்கு இடம் விடுவதைக் கவனிக்காமல் நிறம் நிறமாக அடுக்கிக் கிரிம்பிங் செய்தால், விளக்கு எரியும், வேகம் வராது. புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. நீளத்துக்கும் எல்லை உண்டு: 100 மீட்டர். அதற்கு மேல் போக வேண்டுமானால் நடுவில் இன்னொரு சுவிட்ச் வைக்க வேண்டும், அல்லது கண்ணாடி இழைக்கு மாற வேண்டும்.

வலையமைப்பில் எந்தச் செய்தியும் மொத்தமாகப் போவதில்லை. சிறு சிறு பொதிகளாக, ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கிச் சொன்னால் பாக்கெட்டுகளாக, பிரிந்து போகும். ஈதர்நெட்டில் ஒரு பொதி வழக்கமாக 1,500 பைட்டுக்கு மேல் சுமக்காது. பெரிய படம் ஆயிரக்கணக்கான பொதிகளாகும். ஏலத்தில் அழுத்திய ஒரு விசைக்கு ஒரு பொதியே அதிகம். ஒரு கணக்குக்காக லாட் எண்ணுக்கு 2 பைட், விலைக்கு 2 பைட் என்று வைத்துக்கொள்ளலாம். 2 பைட்டில் 65,535 வரை எழுதலாம். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோதுகூட அந்த இடம் தாராளம். இந்த 4 பைட் செய்தியின் மேல் மூன்று உறைகள் ஏறுகின்றன. முதல் உறை டிசிபி, குறைந்தது 20 பைட். வரிசை எண்ணையும் எந்தச் செயலிக்கு உரியது என்பதையும் தாங்குகிறது. இரண்டாவது ஐபி, இன்னொரு 20 பைட்; அனுப்புபவர், பெறுபவர் இருவரின் முகவரியும் அதில். மூன்றாவது ஈதர்நெட், 18 பைட். அடுத்துக் கைமாறும் பெட்டியின் அடையாளமும், வழியில் செய்தி கெட்டதா என்று சோதிக்கும் எண்ணும் அதில். ஆக, 4 பைட் சரக்குக்கு 58 பைட் உறை. அதுவும் போதாது. ஈதர்நெட் 64 பைட்டுக்குக் குறைந்த பொதியை ஏற்காது என்பதால் இரண்டு வெற்று பைட் சேர்த்து நிரப்ப வேண்டும். வீண் செலவாகத் தோன்றலாம். ஆனால் விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள கம்பியில் அந்த 64 பைட்டையும் ஏற்ற ஏறக்குறைய ஒரு விநாடியின் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும்.

சுவிட்ச் இந்தப் பொதியின் வெளி உறையை மட்டும் படிக்கிறது. ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் தயாரிப்பாளர் இட்ட 48 பிட் எண் உண்டு. அதற்கு மேக் முகவரி என்று பெயர். எந்தத் துளையில் எந்த மேக் முகவரி இருக்கிறது என்பதை, கடந்து போகும் பொதிகளைப் பார்த்தே சுவிட்ச் கற்றுக்கொண்டு ஓர் அட்டவணை வைத்திருக்கும். விலைகளைப் பெற்றுப் பதியும் மையக் கணினியான சர்வருக்கு உரிய பொதி வந்தால் சர்வர் செருகிய துளைக்கு மட்டும் அனுப்பும்.

இரண்டு வியாபாரிகள் ஒரே கணத்தில் அழுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை கிடைப்பது இங்கேதான். இரண்டு பொதியும் இரு வேறு கம்பிகளில் சுவிட்சுக்கு வருகின்றன. சர்வருக்குப் போகும் கம்பி ஒன்றுதான். அதில் ஒரு சமயத்தில் ஒரு பொதிதான் போக முடியும். மற்றது சுவிட்சின் நினைவகத்தில் சில மைக்ரோவிநாடி காத்திருக்கும். ஆக, வரிசை பிறப்பது சுவிட்சில். அந்த வரிசையை ஏற்று, முதலில் வந்த விலையைப் பதிந்து, எல்லாத் திரைக்கும் அறிவிப்பது சர்வரில். பல கணினிகள் கேட்க, ஒரு கணினி தீர்மானித்துப் பதில் சொல்லும் இந்த முறைக்குக் கிளையன்ட் சர்வர் முறை என்று பெயர். நடுவில் ஒரே தீர்ப்பு இருப்பதால் குரல் உயர்த்த இடமில்லை.

பொதி தொலைந்தால்? வலையமைப்பில் பொதி தொலைவது அன்றாடச் சங்கதி. ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பொதிகளைத் தள்ளிவிடும் ரூட்டர் என்ற பெட்டியில் நெரிசல் கூடினால் அது பொதிகளைக் கூச்சமில்லாமல் கீழே போட்டுவிடும். இழப்பைச் சரிக்கட்டும் பொறுப்பு இரு முனைக் கணினிகளுக்கு. 1974இல் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் வெளியிட்ட கட்டுரையில் இந்த எண்ணம் உருப்பெற்றது. 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் டிசிபி/ஐபி நெறிமுறைக்கு மாறியது. டிசிபி முறையில் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு. பெற்றவர் ‘இதுவரை வந்தது’ என்று ஒப்புதல் அனுப்ப வேண்டும். குறித்த நேரத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால் அனுப்பியவர் அதையே மறுபடி அனுப்புவார். ஒரே விலை இரண்டு முறை போய்ச் சேர்ந்தாலும் வரிசை எண்ணைப் பார்த்து ஒன்றைத் தள்ளிவிடலாம். காணொளி அழைப்பு போன்றவற்றுக்கு இவ்வளவு கறார் வேண்டாம். ஒரு நொடிப் படம் போனால் போகட்டும் என்று விடும் யூடிபி நெறிமுறை அங்கே பொருந்தும். பணம் புழங்கும் இடத்தில் அப்படி விட முடியாது.

ஐபி முகவரி 32 பிட் எண். நான்கு பகுதியாக, 192.168.1.25 என்பது போல எழுதுவார்கள். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிதான் உண்டு. உலக மக்கள்தொகைக்கே அது காணாது. அதனால் சில எண் வரிசைகளைக் கட்டடத்துக்குள் மட்டும் புழங்க 1996இல் ஒதுக்கினார்கள். கம்பத்தில் ஒரு வீட்டிலும் சின்னமனூரில் ஒரு கடையிலும் ஒரே 192.168.1.25 இருக்கலாம், குழப்பம் வராது. வெளியே போகும்போது ரூட்டர் தன்னுடைய பொது முகவரியைப் போட்டு அனுப்பி, பதில் வந்ததும் உரியவரிடம் கொடுக்கிறது. நிரந்தரத் தீர்வாக 128 பிட் கொண்ட ஐபி ஆறாம் பதிப்பு வந்துவிட்டது. கைப்பேசி இணைப்புகளில் பெரும்பாலும் அதுவே ஓடுகிறது. எண்ணை மனிதர்கள் நினைவில் வைக்க முடியாது என்பதற்காக 1983இல் பால் மொகாபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ், தளத்தின் பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும்.

கூடத்தைத் தாண்டி மலையேறும்போது லேன் முடிந்து பெரும்பரப்பு வலையமைப்பு தொடங்குகிறது. அங்கே வேலை ரூட்டருக்கு. ரூட்டர் ஐபி முகவரியைப் படித்து, அடுத்து எந்தப் பக்கம் தள்ளுவது என்று மட்டும் முடிவு செய்யும். முழு வழியும் எந்த ஒரு ரூட்டருக்கும் தெரியாது. ஊர்களுக்கு இடையே பொதிகளைச் சுமப்பது கண்ணாடி இழை. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்தை டான்ஃபினெட் நிறுவனம் நடத்துகிறது. இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 100 கிலோமீட்டருக்கு அரை மில்லிவிநாடி. தீர்ப்புச் சொல்லும் சர்வர் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் ஒளி போய்ச்சேர 10 மில்லிவிநாடிதான். திரையில் எண் மாறியதைக் கண்டு மனிதர் விரலை அசைக்கவே ஏறக்குறைய 200 மில்லிவிநாடி ஆகும். தூரத்தால் ஒரு பக்கத்து வியாபாரிக்கு அநியாயம் நேரும் என்ற பயத்துக்கு இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

தாமதத்தின் உண்மையான ஊற்று வேறு. ரூட்டர்களில் பொதிகள் வரிசையில் நிற்கும் நேரம் ஒன்று. கம்பியில்லாக் கடைசித் துண்டு இன்னொன்று. ‘நூறு எம்பி லைன் போட்டும் ஸ்லோவா இருக்கு’ என்று கடைக்காரர்கள் சொல்வதில் இரண்டு வேறு அளவுகள் கலந்துவிடுகின்றன. அலைவரிசை அகலம் என்பது ஒரு விநாடியில் எவ்வளவு போகும் என்பது. தாமதம் என்பது முதல் பொதி போய்ச்சேர எவ்வளவு நேரம் என்பது. ஏலத்துக்கு வேண்டியது குறைந்த, ஏறி இறங்காத தாமதம். படம் பார்க்க வேண்டியது அகலம்.

கம்பம் பள்ளத்தாக்கில் கம்பியில்லா இணைப்புக்கு நில அமைப்பே சோதனை. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். கைப்பேசி பயன்படுத்தும் ரேடியோ அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை; பாறையை ஊடுருவாது. ஆகவே கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவில் ஒரு முகடு வந்துவிட்டால் சிக்னல் செத்துவிடும். வைஃபையிலும் இதே இயற்பியல்தான்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கொஞ்சம் தாண்டும், 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் கூடுதல், சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். இந்தக் காரணத்தால்தான் ஏலம் போன்ற வேலைக்குக் கம்பி இணைப்பே நம்பத் தக்கது.

கம்பிக்கும் ஆபத்து உண்டு. இழைக் கம்பி பெரும்பாலும் சாலையோரமாகவே போகும். சாலை அகலப்படுத்தும் பொக்லைன் ஒரு வாளி மண் அள்ளினால் ஊரே இணைப்பு இழக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தாலும் அதே கதி. இரு ஊர்களுக்கு இடையே இரண்டு வேறு பாதைகளில் இழை போட்டு வளையமாக மூடிவிட்டால், ஒரு பக்கம் அறுந்தாலும் ரூட்டர்கள் மறுபக்கம் திருப்பிவிடும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மலையேற மூன்று சாலைகள் இருப்பதால் அப்படி வளையம் அமைக்க இங்கே வழி உண்டு. ஆனால் இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினாலே இரண்டு பாதை என்று எண்ணிவிடக் கூடாது. இருவரும் ஒரே பள்ளத்தில் இழை போட்டிருந்தால் ஒரே வாளியில் இரண்டும் போகும்.

பொதிகள் உண்மையில் எந்த வழியாகப் போகின்றன என்பதை மாணவர்களே பார்க்கலாம். பள்ளி ஆய்வகக் கணினியில் பிங் கட்டளை ஒரு பொதி போய்வரும் நேரத்தை மில்லிவிநாடியில் காட்டும். டிரேஸ்ரூட் கட்டளை நடுவிலுள்ள ரூட்டர்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிடும், பதில் சொல்ல விரும்பாத ரூட்டர் இருந்தால் அந்த இடத்தில் நட்சத்திரக் குறி வரும். போடியிலிருந்து குமுளியில் இருக்கும் கணினிக்கு அனுப்பிய பொதி மலையேறாமல் சென்னைக்குப் போய்த் திரும்பி வரலாம். இரண்டு ஊரிலும் வெவ்வேறு நிறுவனங்கள் இணைப்பு கொடுத்திருந்தால், அந்த நிறுவனங்கள் தங்களுக்குள் பொதி மாற்றிக்கொள்ளும் இடம் சென்னையிலோ மும்பையிலோ இருக்கலாம். அப்படிப்பட்ட பரிமாற்ற மையங்களை நடத்துவதற்காகவே நிக்ஸி என்ற அமைப்பு 2003இல் இந்தியாவில் தொடங்கப்பட்டது. அதற்கு முன் நம் நாட்டுப் பொதிகள் சில சமயம் வெளிநாட்டுக்கே போய்த் திரும்பின.